சேதுலட்சுமியின் இன்னொரு காது

முதுகுளத்தூர்,
13-6-1954

தம்பி ராமசுப்பிரமணியனுக்கு,

அக்கா உமையாள் எழுதுவது. மேலே பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன், அது பிள்ளையாருக்காக. 'அன்புள்ள' என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. இங்கே நாங்கள் நலமாக இல்லை. உன் நலத்தைக் கேட்கவும் எனக்கு மனசு இல்லை.

உன் மருமகள் சேதுலட்சுமிக்கு ஒரு காதுதான் குத்தியிருக்கிறது. வலது காதில் கம்பி தொங்குகிறது, இடது காது வெறும் காது. மூன்று வயதுப் பிள்ளை, தெருவில் விளையாடப் போனால் "ஒத்தக் காது, ஒத்தக் காது" என்று கூப்பிடுகிறார்கள். அதுவும் விவரம் தெரியாமல் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம் என்று உனக்கு இரண்டு கடிதம் போட்டேனா இல்லையா? நானும் பிள்ளையும் முதல் நாளே உப்பூர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டோம். காலையில் உன் மச்சான் நம் பஸ்ஸிலேயே சொந்தக்காரர்களை ஏற்றி வருவது, ராமநாதபுரத்திலிருந்து நீ சீர்த்தட்டோடு வருவது, இதுதான் பேச்சு. ஒன்பதாயிற்று, ஒன்பதரையாயிற்று, ஒரு வண்டியும் காணோம். பத்து மணிக்கு உன் ஜீப் வந்தது. தம்பி வந்துவிட்டான் என்று ஓடினேன். ஜீப்பிலிருந்து நாலு கிழவிகள் இறங்கினார்கள், மூன்று சீர்த்தட்டு இறங்கியது. நீ இறங்கவில்லை. "அய்யா அங்கன பஸ்ஸை டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்காக, வந்துருவாக" என்று சொல்லிவிட்டு உன் ஜீப்காரன் அடுத்த நடைக்குத் திரும்பிவிட்டான்.

பின்னாலேயே, நீ பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்ட மற்றவர்கள் நடந்து வந்தார்கள். மூன்று மைல், உப்புத் தரை, வைகாசி வெயில். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பில்லாத கால் கொப்பளித்துப்போய் வந்தார்கள். என் நாத்தனார் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏன் மதினி, ஊரு உலகத்துல ஓடுற அத்தன வண்டிய விட்டுப்புட்டு, ஒந்தம்பிக்கு நம்ம வீட்டு வண்டிதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" நான் என்ன பதில் சொல்வது? நீ சொல்லு.

பத்தே கால் ஆனது. ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். "தாய்மாமன் யாரு, வந்து உக்காருங்க" என்றார். ஒருத்தரும் இல்லை. கடைசியில் கூட்டத்தின் பின்னாலிருந்து நம் பெரியப்பா மகன் பொன்னுச்சாமி வந்து உட்கார்ந்தான். மாசி மாதத்திலிருந்து ஒரு நல்லது கெட்டதுக்கும் எட்டிப் பார்க்காதவன், அன்றைக்கு எப்படித்தான் வந்தானோ. துண்டிலிருந்து ஆட்டு வாடை ஆளைத் தள்ளியது. பிள்ளை ஒரு காதைக் கொடுத்தது, அடுத்த காதுக்கு "ராமு மாமா, ராமு மாமா" என்று அலறி உதைத்துக்கொண்டு இறங்கி ஓடிவிட்டது. பிடித்துக் கொண்டுவருவதற்குள் பத்தரை. "ராகுகாலம் வந்துருச்சு தாயி" என்று ஆசாரி ஊசியை மடித்து வைத்துவிட்டார்.

நீ பதினொரு மணிக்கு வந்தாய். காக்கிச்சட்டை, கையெல்லாம் கிரீஸ். உன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் சந்நிதிக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஆவணி இருபத்து நாலு வியாழக்கிழமை, அதே கோயிலில் இன்னொரு காது குத்தப்போகிறோம். பொன்னுச்சாமி மடியிலேயே குத்துகிறோம். நீ வர வேண்டாம். உன் சீர்த்தட்டு மூன்றையும் துணி சுற்றி ஆள் மூலம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சரிபார்த்து வாங்கிக்கொள்.

உமையாள்

•

ராமநாதபுரம்,
17-6-1954

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போடாவிட்டாலும் நான் 'அன்புள்ள' போடுகிறேன். தட்டுகள் வந்து சேர்ந்தன. என் வீட்டுக்காரி ராமலெட்சுமி அவற்றைப் பார்த்து அழுதாள். ஒரு தட்டில் பிள்ளைக்கு எடுத்த பாவாடை அப்படியே இருந்தது.

நடந்ததை நீ கேள்விப்பட்டபடி எழுதியிருக்கிறாய், நான் பார்த்தபடி எழுதுகிறேன். பஸ் உரிமையாளர் மருதுபாண்டிக்குக் கொடுத்திருக்கும் அனுமதி முதுகுளத்தூரிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும்தான், உப்பூருக்கு அல்ல. முப்பத்திரண்டு பேருக்கான வண்டியில் அறுபத்தேழு பேர் இருந்தார்கள். அதில் பதினோரு பேர் கூரையில். அவர்களோடு இரண்டு அண்டா, நாயனக்காரர், நாயனக்காரரின் மைத்துனர். நான் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன், பிடிக்காமல் அடிப்பலகையைத் தொட்டது. மறுபடியும் மிதித்தேன், மறுபடியும் பலகை. வண்டி நின்ற இடத்துக்கு அப்புறம் ரோடு உப்பளத்துக்கு நடுவில் போய் ஒரு பாலத்தில் திரும்புகிறது. அந்தப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

வண்டியை நான் மறிக்கவில்லை. அந்த இடத்தில் காவல் நின்ற கான்ஸ்டபிள் மதார் மறித்தான். நான் பின்னால் ஜீப்பில் வந்தேன். "இன்ஸ்பெக்டர் வீட்டு விசேஷம்டா, மறிக்கிறதுக்கு நீ யாருலே?" என்று அவனை நம் ஆட்கள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். விடு என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா?

என் வேலை என்னவென்று நம் வீட்டில் யாரும் கேட்டது கிடையாது. ரோட்டில் நின்று விசில் ஊதுகிறவன் என்று நினைக்கிறீர்கள். விசில் ஊதுகிறவர்கள் பதினோரு பேர். நாற்பத்திரண்டு மைல் ரோட்டில் அவர்களை எந்த இடத்தில் நிறுத்துவது, நின்றார்களா, தூங்கினார்களா, கை நீட்டினார்களா, மறிக்க வேண்டிய வண்டியை மறித்தார்களா என்று சொல்லாமல் போய்ப் பார்ப்பது என் வேலை. ஒவ்வொருத்தனிடமும் ஒரு ரோந்து நோட்டு இருக்கிறது. அதில் அவன் எழுதியதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். சரியாகச் செய்தவனை எல்லார் முன்னாலும் சரி என்று சொல்லவில்லையானால் மறுநாள் அவன் எதற்கு வெயிலில் நிற்பான்? பத்துப் பேர் சூழ்ந்து நிற்கும்போது நான் மதார் பக்கம் நிற்காவிட்டால், அப்புறம் எனக்கு எதற்கு இந்த பெல்ட்?

சேதுலட்சுமி என் பெயரைச் சொல்லி அழுததாக எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

ஆவணியில் நான் வருவேன். தாய்மாமன் நான்.

உன் தம்பி,
ராமசுப்பிரமணியன்

•

முதுகுளத்தூர்,
24-6-1954

ராமசுப்பிரமணியனுக்கு,

'பஸ் உரிமையாளர் மருதுபாண்டி.' அப்படித்தானே எழுதினாய்? மச்சான் என்ற வார்த்தை உன் பேனாவில் தீர்ந்துபோய்விட்டதா? கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

சட்டம் பேசுகிறாயே, நானும் பேசுகிறேன். சர்க்கார் ஜீப்பில் அக்காள் மகளுக்குச் சீர்த்தட்டு ஏற்றி வரலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அந்த ஜீப்பை எந்த மதார் மறித்தான்? அவன் நோட்டில் அதை எழுதினானா, நீ கீழே கையெழுத்துப் போட்டாயா?

பஸ் வாங்கி நாலு வருஷமாகிறது. அதே பஸ், அதே கூரை, அதே கூட்டம். திருவிழா என்றால் கூரையில் ஆள் இல்லாமல் எந்த வண்டி போகிறது இந்தச் சீமையில்? நீயே எத்தனை தரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். உன் மச்சான் வண்டியை நிறுத்தி உனக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பார், நீ குடித்துவிட்டுக் கையாட்டி அனுப்புவாய். அப்போதெல்லாம் மேலே எத்தனை பேர் என்று எண்ணவில்லை. என் பிள்ளைக்குக் காது குத்துகிற அன்றைக்குத்தான் உனக்கு எண்ணத் தெரிந்தது! அறுபத்தேழு பேர் முன்னால் நீதிமான் என்று பேர் வாங்க என் வீட்டு விசேஷம்தான் கிடைத்ததா?

இல்லை, அந்த மதார் உன்னை ஆட்டிவைக்கிறானா? அவனுக்கு நம் வண்டி மேல் என்னமோ கறுவல் இருக்கிறது. முன்னே ஒரு தரமும் இப்படித்தான் மறித்தானாம், நீ அவனைக் கண்டித்து எழுதினாயாம். உன் மச்சானே ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். அன்றைக்குக் கண்டித்தவன் இன்றைக்கு அவன் பக்கம் நிற்கிறாய். இரண்டில் எது சரி? இரண்டும் சரியாக இருக்க முடியாது. எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்புதான், ஆனால் இது தெரியும்.

அவனை வேறு ஊருக்கு மாற்று. அப்படிச் செய்தால் நீ ஆவணிக்கு வருவதைப் பற்றி யோசிக்கிறேன்.

உமையாள்

•

ராமநாதபுரம்,
2-7-1954

அக்காவுக்கு,

ஜீப்பில் தட்டு ஏற்றியது தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

மதாரை மாற்றச் சொல்கிறாய். இரண்டில் எது சரி என்று கேட்கிறாய். இந்த ஒரு வாரமாக நான் இருந்தது கோபத்தில்தான். முதலில் உன்மேல், அப்புறம் மச்சான்மேல், கடைசியில் அது வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மாசி மாதம், உங்கள் ஊருக்கு நாலு மைல் தள்ளி இருக்கிற கண்மாய்க்கரைக்கு முந்திய திருப்பத்தில் மதார் நின்றான். மிளகாய்ப் பழம் பறித்துவிட்டுத் திரும்பிய கூலிக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு நம் பஸ் வந்தது. கூரையில் மிளகாய் மூட்டை, மூட்டை மேல் பெண்கள். மதார் மறித்தான். நான் அன்றைக்கு அவனைச் சோதிக்கப் போயிருந்தேன். "அய்யா, பிரேக்கு நிக்கலைங்க. டிரைவரே சொல்றாரு" என்றான். மச்சான் முன் சீட்டிலிருந்து தலையை நீட்டி, "என்ன மாப்ளே, ஒன் ஆளு நம்ம வண்டியவே மறிக்கிறான்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன் அக்கா. மதாரின் நோட்டை வாங்கி, 'பொதுமக்கள் வாகனத்தைத் தேவையின்றி மறித்தது. எச்சரிக்கப்பட்டது' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வண்டி போய்க் கால் மணி நேரம் ஆகவில்லை. கண்மாய்க்கரையில் இறங்கிக் கவிழ்ந்தது. கூரையில் இருந்த சோணையம்மாள் என்ற பெண்ணின் வலது கால் வண்டிக்கு அடியில் போய்விட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள்.

வண்டி சாய்ந்தது, நாலு பேருக்குச் சிராய்ப்பு என்றுதானே மச்சான் உன்னிடம் சொன்னார்? ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உமையாளுக்குத் தெரிய வேணாம்டா, பெர்மிட்டு போயிரும்டா" என்று அழுதார். நான் அறிக்கை எழுதினேன். 'கரையில் ஆட்டு மந்தை, சுமார் இருபது உருப்படி, திடீரென்று குறுக்கே வந்தபடியால் வண்டி நிலைதடுமாறியது.' ஆடே இல்லை. மதார் பக்கத்தில் நின்று பார்த்தான். சல்யூட் அடித்துவிட்டுப் போனான். அந்தச் சிவப்பு மையால் அவனுக்கு ஏட்டு உத்தியோகம் வராமல் போனது.

பிரேக்கை மாற்றிவிடுவதாக மச்சான் எனக்கு வாக்குக் கொடுத்தார். நான் அதை நம்பி, மாற்றியாயிற்று என்று எழுதினேன். போய் மிதித்துப் பார்க்கவில்லை. பார்ப்பதுதான் என் வேலை.

காதுகுத்து அன்றைக்கு அதே வண்டியை மறித்த மதார், பத்துப் பேருக்கு நடுவில் நின்று நோட்டை என் முன்னால் நீட்டினான். சிவப்பு மைப் பக்கத்தைத்தான் திறந்து வைத்திருந்தான். "அய்யா, மறிச்சது தேவையா தேவையில்லையான்னு நீங்களே எழுதிருங்க" என்றான்.

நான் எப்படி அக்கா விடு என்பேன்?

ராமு

•

முதுகுளத்தூர்,
21-7-1954

தம்பி,

உன் கடிதத்தை உன் மச்சான் சாப்பிட உட்கார்ந்தபோது இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார். சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். "நெசமா?" என்று கேட்டேன். "நெசம்தான்" என்றார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சோறு வைக்கிறேன், அவ்வளவுதான்.

மறுநாள் நான் மட்டும் வில்வண்டி கட்டிக்கொண்டு சோணையம்மாளின் ஊருக்குப் போனேன். நாலு மைல்தான். நாலு மைலில் இருக்கிற ஒருத்தியை நாலு மாதமாக எனக்குத் தெரியாமல் வைத்திருந்தீர்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். வாசலில் உட்கார்ந்து மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பஸ்கார வீட்டு அம்மா என்று சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தாள். பழக்கம், கால் இருக்கிற நினைப்பு. விழப்போனவளை நான் பிடித்தேன். உன்னைப் பற்றி நல்லபடியாகச் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அந்த அய்யாதான் என்னையத் தூக்கி ஜீப்புல போட்டுக் கொண்டுபோனாக" என்றாள்.

ஆட்டைப் பற்றிக் கேட்டேன். "ஆடா? எந்த ஆடு தாயி? மூட்டை மேல உக்காந்து வந்தவ நான். ரோடு பூராம் எனக்குத்தான் நல்லாத் தெரிஞ்சுது. ஒரு குட்டிகூடக் குறுக்க வரல" என்றாள்.

பிறகு அவள் சொன்னதைக் கேள். அந்தக் கரையில் ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன்தான். யார் தெரியுமா? பொன்னுச்சாமி. நம் பெரியப்பா மகன் பொன்னுச்சாமி!

நீ ஆட்டுக்குச் சொந்தக்காரன் பேர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் என்ன? அங்கே வேறு யாருக்கு ஆடு? "போலீசே எழுதிருச்சு" என்று அந்த ஊர் கூடி அவனைக் கரையில் கால் வைக்கக் கூடாது என்று தள்ளிவிட்டது. அவன் ஒவ்வொருத்தர் காலிலும் விழுந்து, அன்றைக்கு நான் ஆட்டை அந்தப் பக்கமே ஓட்டவில்லை என்று சொன்னானாம். சோணையம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து எடுத்துச் சொன்னாளாம். "மயக்கத்துல கெடந்தவ, ஒனக்கு என்ன தெரியும்?" என்று வாயை அடைத்துவிட்டார்கள். அவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு உப்பூர்ப் பக்கம் போய்ப் பொட்டலில் மேய்க்கிறான். மாசியிலிருந்து ஒரு நல்லது கெட்டதுக்கும் எட்டிப் பார்க்கவில்லை என்று அவனைக் குறைசொல்லி உனக்கு எழுதினேனே, எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவான்? ஒரு பெண்ணின் காலைப் போக்கினவன் என்று பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறாய் அவனுக்கு.

அவன்தான் காதுகுத்து அன்றைக்குக் கோயில் பக்கத்தில் மேய்த்துக்கொண்டிருந்தவன், தாய்மாமன் இல்லை என்று கேள்விப்பட்டு ஓடி வந்து நம் பிள்ளையை மடியில் வாங்கினான். அவன் துண்டில் ஆட்டு வாடை என்று நான் மூக்கைச் சுளித்தேன். அதை உனக்கு எழுதவும் செய்தேன். நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

நீ பஸ்ஸை மறித்ததற்கு எனக்கு இனிக் கோபம் இல்லை. மறித்ததுதான் சரி. மாசியில் மறிக்காததற்குத்தான் இந்தக் கோபம். மதார் நின்றான், நீ சிரித்தாய். பதினோரு பேர் செய்வதைப் பார்ப்பது என் வேலை என்று எவ்வளவு நீட்டி எழுதினாய்! உன்னைப் பார்ப்பது யார் வேலை? காதுகுத்து அன்றைக்கு அறுபத்தேழு பேரை வெயிலில் நடக்க விட்டு உன் தப்பைக் கழுவிக்கொள்ளப் பார்த்தாய். நடந்தது அவர்கள், நீ இல்லை. உன் எழுத்து இன்னும் அந்தக் காகிதத்தில் அப்படியேதான் இருக்கிறது.

அதை மாற்று. எழுதின கைதானே, அதே கையால் மாற்று. வேலை போனால் போகட்டும். பஸ் போனாலும் போகட்டும், உன் மச்சானிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அது வரைக்கும் என் வாசலுக்கு வராதே.

அக்கா

•

ராமநாதபுரம்,
22-8-1954

அன்புள்ள அக்கா,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. பயந்துதான் எழுதவில்லை, வேறு காரணம் சொல்லமாட்டேன். பொன்னுச்சாமி பேரைப் படித்த அன்று காக்கிச்சட்டையைப் போட முடியாமல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். சின்ன வயதில் நானும் அவனும் ஒரே கண்மாயில் குளித்தவர்கள்.

பிறகு எழுந்துபோய் எழுதினேன். ஆடு வரவில்லை, பிரேக் இல்லை, மறித்த கான்ஸ்டபிளைக் கண்டித்து வண்டியை விட்டது நான், பொய் அறிக்கை எழுதியதும் நான் என்று நாலு பக்கம். மேலதிகாரி படித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ஏன்யா, மூடின ஃபைலை எதுக்குத் தோண்டுறீர்? கால் திரும்பி மொளைக்கவா போகுது?" என்று காகிதத்தை என் பக்கமே தள்ளினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையை ஓங்கி அடித்துவிட்டேன். "காலு மொளைக்காது சார். ஆனா ஆடு மேய்க்கிறவன் கரைக்குத் திரும்பிப் போகலாம்ல?" என்று கத்தினேன். பத்து வருஷ உத்தியோகத்தில் ஒரு மேலதிகாரி முன்னால் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். காகிதத்தை அவர் வாங்கிக்கொண்டார். என்னைச் சஸ்பெண்டு செய்திருக்கிறார்கள். விசாரணை நடக்கும். மச்சானின் பெர்மிட்டையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள், உனக்குத் தெரிந்திருக்கும்.

பெல்ட்டைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு வேலை செய்தேன். பதினோரு பேரையும் வரிசையில் நிற்கவைத்து, மதாரின் நோட்டை வாங்கி, நான் எழுதிய சிவப்பு வரியை நானே அடித்தேன். கீழே, 'மறித்தது தேவையானது. தவறு மேற்பார்வை செய்தவனுடையது' என்று எழுதி உரக்க வாசித்தேன். மதார் நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "இத மாசியிலயே எழுதிருக்கலாம்ங்கய்யா" என்றான். மற்றப் பத்துப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது நான் இன்ஸ்பெக்டர் இல்லை. தாய்மாமனாகவாவது இருக்கிறேனா? ஆவணி இருபத்து நாலுக்கு வரலாமா?

ராமு

•

முதுகுளத்தூர்,
29-8-1954

அன்புள்ள தம்பிக்கு,

பார், எழுதிவிட்டேன். இன்றைக்குக் கை வந்தது.

பஸ் கொட்டகையில் சக்கரத்தைக் கழற்றி நிற்கிறது. உன் மச்சான் மெக்கானிக்கை வரவழைத்து பிரேக்கு முழுவதையும் பிரித்துப் போட்டிருக்கிறார். மறுபடியும் ரோட்டுக்கு வந்தால், மதார் வந்து மிதித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் எடுப்பாராம். நானாகக் கேட்கவில்லை, அவரே சொன்னார். நேற்றிலிருந்து இரண்டொரு வார்த்தை பேசுகிறேன். போன வாரம் சோணையம்மாள் ஊர்ச் சாவடியில் அவரே எழுந்து நின்று, ஆடு வரவில்லை, எல்லாம் பொய் என்று சொன்னார். உன்னைத் திட்டுவார் என்று நினைத்திருந்தேன், திட்டவில்லை. அவருக்கும் அது நெஞ்சில் கிடந்து உறுத்தியிருக்கிறது போல. அதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பேரும்.

சோணையம்மாள் காதுகுத்துக்கு வருகிறாள். அவளுக்கு என் வில்வண்டியில் இடம் போட்டிருக்கிறேன்.

நீ வரலாமா என்று என்னைக் கேட்கிறாய். கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை. இடது காதுக்கு மடி கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்தது பொன்னுச்சாமிக்கு. போய் அவனைக் கேள். அவன் விட்டுக்கொடுத்தால் உட்கார். கொடுக்காவிட்டால் கூட்டத்தோடு நில். பிள்ளை இப்போதும் "ராமு மாமா எப்ப வரும்?" என்றுதான் கேட்கிறது. அதற்காக நான் வாக்கு மாற முடியாது.

அக்கா

•

உப்பூர்,
5-9-1954

அன்புள்ள அக்கா,

இதை உப்பூர்த் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பொன்னுச்சாமியைப் பார்த்துவிட்டேன்.

கோயிலுக்குத் தெற்கே பொட்டலில் வேலமரத்தடியில் இருந்தான். கரைக்குத் திரும்பி வரச்சொல்லி ஊரார் ஆள் அனுப்பினார்களாம், "யோசிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. வெயிலில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். ஆட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஏலே ராமு, எத்தன ஆடுன்னு எழுதுன?"

"இருபதுன்னு எழுதுனேன்."

"எங்கிட்ட பதினொண்ணுதாண்டா இருந்துச்சு. ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றான்.

அவ்வளவுதான் அக்கா. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்திவைத்தான். நான் கிளம்பும்போது, "நீயே உக்காருடா, ஒம் பேரச் சொல்லித்தான புள்ள அழுவுது" என்றான்.

நான் உட்காரமாட்டேன். முடியாது என்று அவனிடமே சொல்லிவிட்டேன். இரண்டு காதும் அவன் மடியில்தான். பிள்ளை அழுதால் நான் எதிரில் நின்று முகத்தைக் காட்டுகிறேன், அது போதும்.

நீ திருப்பி அனுப்பிய மூன்று தட்டும் எதையும் எடுக்காமல் அப்படியே இருக்கின்றன. நானும் ராமலெட்சுமியும் வியாழக்கிழமை விடிந்ததும் டவுன் பஸ்ஸில் வருகிறோம். பஸ்ஸை நிறுத்திய அதே இடத்தில் இறங்கிக்கொள்வோம். அங்கிருந்து மூன்று மைலும் தட்டைத் தலையில் வைத்து, செருப்பில்லாமல் நடந்து வருகிறேன். ஒன்பது மணிக்கு முன்னால் கோயில் வாசலில் இருப்பேன்.

உன் தம்பி,
ராமு